கழுகு தின்ற மிச்சம்

எனக்கு எச்சில் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மதுராந்தகத்தில் எங்கள் வீட்டில் அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒரே சொம்பில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பார்கள். என் டம்ளர் மட்டும் ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். கூடப் பிறந்தவன் ஒரு கடி கடித்த மாங்காயைக்கூடக் கையால் தொட மாட்டேன். போகிற வீட்டில் இவள் என்ன பாடுபடப் போகிறாளோ என்று அம்மா அலுத்துக்கொள்வாள். போன வீட்டில் பட்ட பாட்டைத்தான் இத்தனை வருடம் கழித்து இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் சாப்பாட்டை முடித்த கையோடு உட்கார வேண்டாம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. என் கணவர் அங்கே படம் வரையும் பிரிவில் வேலை பார்த்தார். எங்களுக்கு மணல்வெளியில் ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். வரிசையாக ஒரே அச்சு வீடுகள். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்து, கை வைத்தால் சிவப்பாக ஒட்டும். என் கணவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சாது. கோபித்துக்கொண்டு தட்டைத் தள்ளியது கிடையாது. சனிக்கிழமை தவறாமல் பூ வாங்கி வருவார். கெட்டவர் என்று சொல்லிவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. அந்தக் காலத்தில் இது யாருடைய குறை என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும், என்னுடையது. மாமியார் ஊரிலிருந்து எழுதும் கடிதங்களில் என்னை விசாரிப்பதை நிறுத்தியிருந்தார். நானே ஒருநாள் துணிந்து செங்கல்பட்டுக்கு பஸ் ஏறி ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். கண்டிப்பான மனுஷி. வரச்சொன்ன போதெல்லாம் போனேன், சொன்ன சோதனையெல்லாம் செய்துகொண்டேன். கடைசியில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "உன்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா. அடுத்த தடவை உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வா. அவரையும் பார்க்கணும்" என்றார்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது இதை என் கணவரிடம் சொன்னேன். மோர்ச் சோற்றை நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டார், கை கழுவினார், வாசலில் போய் நின்றார். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். அவர் ஒரு தடவை என்னோடு செங்கல்பட்டுக்கு வர வேண்டும். அதற்குப் பதிலாக அவர் வேதத்துக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

அவருடைய ஆபீஸில் நிர்வாகப் பிரிவில் ஒரு சூப்பரின்டெண்ட் இருந்தார். வேதம், புராணம், ஆகமம் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒளிந்திருக்கும் பொருளைச் சொல்வதில் பெயர் எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் கூடும். பகலெல்லாம் அணுவைப் பற்றிப் பேசுகிற ஆட்கள், படித்தவர்கள். எல்லாரும் அவரை சார் என்பார்கள். நான் மனசுக்குள் அவருக்கு மறைபொருள் என்று பெயர் வைத்திருந்தேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கூட்டத்துக்கு ஓர் அமைதியான வீடு தேவைப்பட்டது. எங்கள் வீட்டில் பிள்ளைச் சத்தம் இருக்காது என்று அவரே சொன்னாராம். என் கணவர் அதை ஏதோ பட்டம் கிடைத்தமாதிரி வந்து என்னிடம் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கூடத்தில் ஜமக்காளம் விரிப்பது அவர் வேலை, காபி போடுவது என் வேலை.

மறைபொருளை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. எப்போதும் வெற்றிலை போட்ட வாய். மடியில் பட்டுத்துணி சுற்றிய வேதப் புத்தகம். அதைப் பிரிக்கும் முன் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு ஆள்காட்டி விரலை நாக்கில் நன்றாகத் தடவி ஒரு பக்கத்தைத் திருப்புவார். மறுபடி நாக்கு, மறுபடி பக்கம். பக்கங்களின் கீழ் மூலையெல்லாம் வெற்றிலைச் சாறு ஊறிப் பழுப்பேறிக் கிடந்தது. தெய்வத்தின் வாக்கு என்று சொல்லிக்கொண்டே அதில் எச்சிலைத் தடவுகிற மனுஷரை, இத்தனை பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முடிந்து போகும்போது டம்ளர்களின் விளிம்பில் சிவப்புக் கறை இருக்கும். நான் அவருடையதை மட்டும் தனியாகத் தென்னை நாரால் தேய்ப்பேன், பிறகு அந்த நாரைத் தூக்கி எறிந்துவிடுவேன்.

அவர் சொல்லும் விதம் ஒன்றுதான். எதைப் படித்தாலும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, "இது மேல்தோல். உரிச்சுப் பார்க்கணும்" என்பார். உரித்தால் உள்ளே அணு இருக்கும், மின்சாரம் இருக்கும், கிரகங்கள் இருக்கும். திருக்கழுக்குன்றத்து மலை வேதமே கல்லானது என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு அது போதாது. எந்தப் பாறை எந்த வேதம், எந்த வேதத்துக்குள் எந்த உலோகம் என்று அளந்து சொல்வார். அந்த ஊர்க் குளமான சங்கு தீர்த்தத்தில் சங்கு பிறப்பதற்கும் ஒரு ரசாயனம் வைத்திருந்தார். உரித்துக்கொண்டே போனால் கடைசியில் வெங்காயத்தில் என்ன இருக்கும் என்று அடுப்படியில் நின்று நான் யோசிப்பேன். அங்கே கூடியிருந்தவர்கள் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை.

ஒரு விடுமுறை நாளில் எல்லாரையும் மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனார். வீட்டுப் பெண்களும் போனோம், புளிச்சாதம் கட்டிக்கொண்டு. தவம் செய்கிற அந்தப் பெரிய பாறைச் சிற்பத்துக்கு முன்னால் வெயிலில் எங்களை நிறுத்திவைத்து, யானைக்கு ஒரு பொருள், நாகத்துக்கு ஒரு பொருள், பாறைப் பிளவுக்கு ஒரு பொருள் என்று சொல்லிக்கொண்டே போனார். கீழே ஒரு மூலையில் பூனை ஒன்று ஒற்றைக்காலில் நின்று கையைத் தூக்கித் தவம் செய்யும். காலடியில் எலிகள் பயமில்லாமல் விளையாடிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கிற எந்தக் குழந்தைக்கும் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. அவர் மட்டும் அதைத் தாண்டிப் போனார். பூனையை விட்டுவிட்டீர்களே என்றேன். யோகத்தின் உச்சம் அது, எலிகள் என்பவை ஐம்புலன்கள் என்றார். கூட வந்தவர்கள் ஆகா என்றார்கள். என் கணவர் அந்த எலிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதற்குள் வீட்டில் மீன் நின்றுபோயிருந்தது. மீன் தாமசம், உடம்பின் மறைவாசல்களை அடைத்துவிடும் என்று மறைபொருள் சொன்னாராம். இத்தனை வருடம் என் கையால் வைத்த வஞ்சிரக் குழம்பை விரல் நக்கிச் சாப்பிட்ட மனுஷர், தெருவில் மீன்கூடை போனால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் விடவில்லை. குப்பத்திலிருந்து கூடை தூக்கி வரும் ஓர் அம்மாவிடம் பின்வாசல் வழியாக வாங்கி, அவர் ஆபீஸ் போனபின் சமைத்து, அவர் வருவதற்குள் சாம்பிராணி போட்டுவிடுவேன்.

ஒருநாள் காலையில் அந்த அம்மா வரவில்லை. வந்த விருந்தாளி ஒருத்திக்கு இறால் வாங்க வேண்டியிருந்ததால் நானே குப்பத்துக்கு நடந்து போனேன். குடிசைகளுக்குப் பின்னால் முள்ளுக்காடு. ஊரே காலைக்கடனுக்குப் போகும் இடம். அந்தப் பக்கம் பார்க்காமல் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வேகமாக நடந்தவள், வெள்ளையாக ஏதோ அசைவதைப் பார்த்து நின்றுவிட்டேன். அழுக்கு வெள்ளை இறகு, மஞ்சள் முகம், வளைந்த மூக்கு. ஒரு பெரிய பறவை கோழிமாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்துகொண்டு, தரையில் கிடந்ததைக் கொத்திக்கொண்டிருந்தது. தரையில் கிடந்தது என்ன என்று எழுத வேண்டியதில்லை. கொத்தித் தின்றது, மூக்கை மணலில் துடைத்துக்கொண்டது, அடுத்ததற்குப் போனது.

பின்னால் வந்து நின்ற மீன்கார அம்மா, "இன்னாம்மா, அதையே பாத்துகினு கீற? அது டெய்லி வரும். அத்த துன்னத்தான் வரும்" என்றாள். பிறகு இறாலைக் கூறு கட்டத் தொடங்கினாள்.

எனக்கு அந்தப் பறவையைத் தெரியும். பள்ளிக்கூட நாளில் அப்பாவோடு திருக்கழுக்குன்றம் மலைக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். உச்சி வேளையில் பாறைமேல் பண்டாரம் உட்கார்ந்து தட்டைத் தட்டுவார். எங்கிருந்தோ இரண்டு கழுகுகள் வந்து இறங்கும். நெய் சொட்டும் சர்க்கரைப் பொங்கலை அவர் கையிலிருந்தும் கிண்ணத்திலிருந்தும் தின்றுவிட்டுப் பறக்கும். சாபம் பெற்ற ரிஷிகள் அவை, காலையில் காசியில் குளித்து, மத்தியானம் இங்கே உண்டு, ராத்திரி ராமேசுவரத்தில் அடைகின்றன என்பார்கள். அதே வெள்ளை, அதே மஞ்சள் முகம். அன்று இறாலைச் சமைத்து விருந்தாளிக்குப் போட்டேன். நான் தொடவில்லை.

அந்த வாரம்தான் மறைபொருள் இரண்டு பறவைகளைக் கையில் எடுத்தார். வேதத்தில் வருகிறதாம். ஒரே மரத்தில் இரண்டு பறவைகள் சிநேகமாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று பழத்தைத் தின்கிறது. மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். காபித் தட்டோடு கதவோரம் நின்று இதைக் கேட்டபோது, பொய் சொல்லக் கூடாது, எனக்குள் என்னவோ செய்தது. தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இன்னொரு பறவை யார், அது ஏன் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டே நின்றேன். காபி ஆறிப்போனது. அப்படியே விட்டிருந்தால் அது என்னோடு நல்லபடியாக இருந்திருக்கும். அவர் விரலை நக்கிப் பக்கத்தைத் திருப்பினார். அந்த மரம்தான் திருக்கழுக்குன்றம், அந்த இரண்டு பறவைகள்தான் அங்கே வரும் கழுகுகள், அந்தப் பழம்தான் சந்ததி என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து, கழுகு மூக்கு வைத்த மிச்சத்தை ஒரு பெண் உண்டால் பழம் அவள் வயிற்றில் தங்கும், வேதத்தில் இது பூட்டு, மலையில் இருக்கிறது சாவி என்றார். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

கூட்டம் கலைந்தபின் குப்பத்தில் நான் கண்டதை ஒன்றுவிடாமல் என் கணவரிடம் சொன்னேன். அது எதைத் தின்றது என்பதையும் நேரடியாகவே சொன்னேன். அவர் முகம் சுளித்தது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் மறுநாள் ஆபீஸில் இதை மறைபொருளிடம் போய்க் கேட்டிருக்கிறார். உலகத்தின் அசுத்தத்தையெல்லாம் தானே உண்டு நமக்குச் சுத்தத்தைத் தருகிறது, விஷத்தை உண்ட இறைவனும் அப்படித்தானே, உங்கள் மனைவிக்கு மேல்தோல் மட்டும்தான் தெரிந்திருக்கிறது என்று பதில் வந்தது. எனக்கு அன்றுதான் விஷயம் புரிந்தது. அந்த ஆளிடம் எதைக் கொண்டுபோய் வைத்தாலும், மலத்தையே கொண்டுபோய் வைத்தாலும், அதையும் தனக்குச் சாட்சியாக ஆக்கிக்கொள்வார். அவர் சொல்வது தவறு என்று காட்ட இந்த உலகத்தில் எந்தப் பொருளும் கிடையாது.

டாக்டரம்மா கூப்பிட்டாரே என்று என் கணவருக்கு நினைவூட்டினேன். மலைக்குப் போய்வந்தபின் பார்க்கலாம் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக மலைக்குச் சம்மதித்தேன்.

வெயில் ஏறுவதற்குள் படியேறினோம். மேலே போனதும் காற்று அள்ளிக்கொண்டு போனது. கீழே வயல், ஏரி, பெரிய கோயிலின் கோபுரங்கள், கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு கோடாகக் கடல். சன்னிதியில் விளக்கு மட்டும் எரிந்தது. கும்பிட்டபோது ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை, ஒன்றும் விளங்கவும் இல்லை, ஆனால் மனசு நிறைந்திருந்தது. சாமிக்கு முன்னால் எனக்கு அது போதும். அன்று மலையில் எனக்குக் கிடைத்த நல்லது அது ஒன்றுதான்.

உச்சி வேளையில் கழுகுகள் வந்தன. தின்றன, போயின. மீந்ததைப் பிரசாதமாக வேண்டியவர்கள் வாங்கிக்கொள்வார்கள், வேண்டாதவர்கள் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். யாரையும் யாரும் வற்புறுத்துவதில்லை. என் கணவர் முண்டியடித்து முன்னால் போய், இலையில் ஒரு கை வாங்கிவந்தார். நெய்யும் வெல்லமுமாகப் பொங்கல் வெயிலில் மினுமினுத்தது. நடுவில் குழிகுழியாக மூக்கு வைத்த தடம். ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை இறகுத்துணுக்கு ஒட்டியிருந்தது. அவர் அதை மட்டும் பக்குவமாக எடுத்துப் போட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கள் என்றேன். தனக்கு எதற்கு என்று கேட்டார். அப்போது அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

தின்றேன். மெல்லாமல் விழுங்கப் பார்த்தேன், முடியாமல் மென்றேன். முள்ளுக்காடு முழுதும் வாய்க்குள் வந்துவிட்டமாதிரி இருந்தது. அவர் பக்கத்தில் நின்று, கடைசிப் பருக்கை உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் படி இறங்குவதற்குள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிறமாதிரி வாந்தி எடுத்தேன். ஒரு குரங்கு ஆசையாக ஓடிவந்து முகர்ந்து பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

குமட்டல் அதோடு நிற்கவில்லை. நெய் வாசனை, வெல்ல வாசனை எது வந்தாலும் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். வெறும் சோறுகூட இறங்கவில்லை. அந்த மாதம் நாளும் தள்ளிப்போனது. எனக்குத் தெரியும் அது அருவருப்பு என்று. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மறைபொருள் கூடத்தில் எழுந்து நின்று, பூட்டுத் திறந்துவிட்டது என்று அறிவித்தார். கைதட்டினார்கள். பக்கத்து வரிசை வீடுகளிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். மாமியாரிடமிருந்து, வெகுநாள் கழித்து, என்னை விசாரித்துக் கடிதம் வந்தது. என் கணவர் சந்தோஷத்தில் பூரித்தே போனார். நான் வாந்தி எடுத்துவிட்டு வரும்போதெல்லாம் தண்ணீர்ச் சொம்போடு நின்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் இரண்டொரு நாள் நம்பிவிட்டேன். ராத்திரியில் வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு படுத்தேன். எச்சிலோ என்னவோ, குழந்தை பிறந்தால் சரி என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் காலையில் விலக்கானேன். கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். என் கணவர் நேரே மறைபொருளிடம் போனார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் சொன்னார். அது கர்ப்பமே இல்லை, இந்தப் பெண்ணுக்குள் இருந்த தோஷம் வெளியேறியிருக்கிறது, வேதம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று. கைதட்டியவர்கள் இப்போது தலையாட்டினார்கள்.

அதற்கப்புறம் வந்ததுதான் எல்லாவற்றையும்விட நாற்றம். இரண்டு பறவைகளை அவர் மறுபடி உரித்தார். மரம் ஒன்று, பறவைகள் இரண்டு. இதுவரை யாரும் இதைக் கவனிக்கவில்லையாம். மரம் என்பது புருஷன். பழம் தின்னாத பறவை ஒன்று அதில் உட்கார்ந்திருந்தால், தின்னுகிற இன்னொரு பறவைக்கும் அதில் இடம் உண்டு, இரண்டும் சிநேகமாக இருக்க வேண்டும் என்பதே வேதத்தின் கட்டளை. அரசாங்கச் சம்பளக்காரர் இரண்டாம் கல்யாணம் செய்தால் வேலை போய்விடும் என்று அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதனால் முதல் பறவையின் மனப்பூர்வமான சம்மதம் முக்கியம் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஊரில் மாமியார் ஏற்கெனவே பெண் பார்த்துவிட்டார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. மனுஷன் எதை விரும்புகிறானோ அதைக் கடவுளின் வாயிலிருந்து உருவி எடுத்துத் தருகிற வேலை அது. ஆயிரம் வருடம் மனப்பாடமாகக் காத்துவந்த வாக்கை இப்படி வெற்றிலையோடு சேர்த்து மென்று துப்புகிறார்களே என்று நினைத்தபோது, எனக்கு எனக்காகக்கூட அவ்வளவு எரியவில்லை.

அன்று ராத்திரி அவரிடம் சொன்னேன். "உங்க ரெண்டாம் கல்யாணத்துக்கு நான் சம்மதிக்கிறேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை என்னோட செங்கல்பட்டுக்கு வரணும்."

வந்தார். சம்மதம் கிடைத்துவிட்ட தைரியத்தில் வந்தார். டாக்டரம்மா அவரைச் சோதனைக்கு அனுப்பினார், முடிவு கேட்க இன்னொரு நாள் போனோம். அவரை மட்டும் உள்ளே அழைத்து வெகுநேரம் பேசினார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த டாக்டரம்மா, குறை அவரிடம்தான், குழந்தை பிறக்க வழியில்லை என்று எனக்கும் சொன்னார். எனக்கு முதலில் தோன்றியது இரக்கம்தான், அதை மறைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்தார்.

பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்றபோது உச்சி வேளை. ஜன்னலோரம் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்து மலையைக் கும்பிட்டார்கள். மலைக்கு மேலே வெள்ளையாக ஒன்று வட்டமிட்டது. இவர் கையைக் கூப்பிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் கேட்டார். "ஞாயித்துக்கிழமை சார் கேட்டா, குறை உனக்குத்தான்னு டாக்டர் சொன்னதா சொல்லிடட்டுமா?"

இரக்கம் அந்த இடத்திலேயே இறங்கிப் போய்விட்டது. வாயைத் திறந்தால் அவர் மடியிலேயே வாந்தி எடுத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. என் மௌனத்தை அவர் சம்மதம் என்று உரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். காபி கொடுத்தேன். மறைபொருள் விசாரித்தார். என் கணவர் ஜமக்காளத்தின் நூலைப் பிய்த்துக்கொண்டே, டாக்டர் பார்த்துவிட்டார், எல்லாம் அவளுக்குத்தான் என்றார். ஒருவர் உச்சுக்கொட்டினார். இன்னொருவர் முகூர்த்த நாளைப் பற்றி ஆரம்பித்தார். நான் அடுப்படிக் கதவை விட்டுக் கூடத்துக்கு வந்தேன். அந்த ஜமக்காளத்தின் ஓரத்தில் அதுவரை நான் நின்றதில்லை.

"சார், அந்த ரெண்டு பறவைக்கு எனக்கும் ஒரு பொருள் தெரியும். சொல்லட்டுமா?" என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "தாராளமாச் சொல்லு தங்கச்சி" என்றார்.

"ஒண்ணு தின்னுது. இன்னொண்ணு பார்த்துக்கிட்டு இருக்கு. மலை மேல கழுகு எச்சிலைத் தின்னது நான். பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தது இவர். செங்கல்பட்டு டாக்டரம்மா குறைன்னு சொன்னது, பார்த்துக்கிட்டு இருந்த பறவையை."

என் கணவர் கையிலிருந்த நூல் அறுந்தது. முகூர்த்தம் பேசியவர் தன் டம்ளருக்குள் பார்த்தார். மறைபொருள் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து, ஆள்காட்டி விரலை நாக்கில் தடவி, ஒரு பக்கத்தைத் திருப்பினார். நல்ல கோணம்தான், ஆனால் இதுவும் மேல்தோல்தான் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்கு அவரிடம் பொருள் இருக்கவில்லை போலிருக்கிறது, புத்தகத்தைப் பட்டில் சுற்றிக்கொண்டு எழுந்துவிட்டார். மற்றவர்களும் செருப்பைத் தேடினார்கள். அடுத்த வாரத்திலிருந்து கூட்டம் வேறு யாருடைய வீட்டிலோ நடந்தது. ஊரில் பார்த்த பெண்ணைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

அவர்கள் போனபின் கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். ஜமக்காளத்தைச் சுற்றி எச்சில் டம்ளர்கள் கிடந்தன, ஒன்றில் வெற்றிலைக் கறையோடு. வழக்கமாக அவற்றை அள்ளிக்கொண்டு போவேன். அன்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் டம்ளர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து அவர் எழுந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு, நார் எங்கே இருக்கிறது என்று அங்கிருந்தே கேட்டார். எந்த இடத்தில் என்று சொன்னேன். தேய்த்து முடித்ததும் நாரைத் தூக்கி எறிந்துவிடச் சொன்னேன்.